சுண்ணாம்புக் கோடு

விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பலர். வீரர்களைப் பற்றி எழுதுவோர் அவரினும் பலர். ஆனால் விளையாடும் நிலத்தைப் பற்றி எழுதுவோரை நான் அதிகம் கண்டதில்லை. பந்து ஓடுகிறது, வீரர் ஓடுகின்றனர், பார்ப்பவர் கண்களும் அவர்களோடு ஓடுகின்றன. அசையாமற் கிடக்கும் நிலத்தை நோக்க எவருக்கும் அவகாசம் இல்லை. எனக்கும் இருந்ததில்லை. சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் என் மாணாக்கன் ஒருவன் கேட்ட கேள்வியே என் கண்ணை நிலத்தின் பக்கம் திருப்பிற்று.

பாடசாலை விட்ட நேரம். கிளிநொச்சியின் வெயில் அப்பொழுதுதான் சற்றுத் தணிந்திருந்தது. வேப்பமர நிழலில் நின்ற பையன் தன் அண்ணனின் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். மேலிருந்து எடுத்த படம். பச்சை நிலத்தில் குறுக்கே குறுக்கே வெண்கோடுகள், இடையிடையே இலக்கங்கள்.

“சேர், இது விளையாட்டு மைதானமோ, இல்லாட்டி நெல்லு விதைக்கப் பாத்தி கட்டின வயலோ?”

நான் சிரித்தேன். அமெரிக்கர் ஆடும் உதைபந்தாட்டத்தின் மைதானம் அது. “உதைபந்தாட்டத்துக்கு ஏன் சேர் இவ்வளவு கோடு?” என்றான் அவன். நான் கணித ஆசிரியன். அளவும் கோடும் என் தொழில். ஆயினும் அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. “நாளைக்குச் சொல்லுறன் தம்பி” என்று சொல்லி வீடு திரும்பினேன். இரவு முழுவதும் படித்தேன். மறுநாள் கரும்பலகையில் அம்மைதானத்தை வரைந்தேன்.

அதன் நீளம் 120 யார். அகலம் 53 யாரும் ஓர் அடியும். பரப்பளவை மாணாக்கரையே கணிக்கச் சொன்னேன். 6,400 சதுர யார் என்று வந்தது. ஏக்கரிற் சொன்னால் ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். யாழ்ப்பாணத்தார் வழக்கிற் சொன்னால் 21 பரப்புக் காணி. இரு முனைகளிலும் பத்துப் பத்து யார் ஆழமுள்ள இறுதி வலயங்கள் உண்டு. நடுவில் எஞ்சும் 100 யாரே ஆடுகளம். ஐந்து யாருக்கு ஒரு கோடு பக்கத்திலிருந்து பக்கம்வரை இழுக்கப்பட்டிருக்கும். அக்கோடுகளுக்கு இடையே ஒவ்வொரு யாருக்கும் ஒரு சிறு கீற்று. இலக்கங்கள் பத்தில் தொடங்கி ஐம்பதுவரை ஏறி, நடுக்கோட்டைத் தாண்டியபின் மீண்டும் பத்துவரை இறங்கும். இறுதி வலயத்தின் பின்னெல்லையிலே கோல் கம்பம் நிற்கிறது. நம்மூர்ப் பிள்ளைகள் கெற்றப்போலுக்கு வெட்டும் கவைத்தடி போன்ற உருவம் அதற்கு. ஒரே காலில் நின்று, தரையிலிருந்து 10 அடி உயரத்தில் குறுக்குச் சட்டத்தைத் தாங்கி, அதன் இரு புறமும் நெடுந்தூண்களை உயர்த்தி நிற்கிறது. பந்து சட்டத்தின் கீழே செல்வதிற் பயனில்லை. மேலே, தூண்களுக்கு இடையே செல்ல வேண்டும்.

இத்தனை கோடுகள் எதற்கு? அந்த ஆட்டத்திற் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். பழைய நாளில் பந்தைக் கைப்பற்றிய கட்சி அதை விடாமல் வைத்துக்கொண்டே காலத்தைக் கழித்தது. பார்க்க வந்தவர்கள் சலித்தனர். அதனால் 1882ஆம் ஆண்டில் வோல்ட்டர் காம்ப் என்பவரின் முயற்சியால் ஒரு விதி பிறந்தது. மூன்று முயற்சிக்குள் ஐந்து யார் முன்னேற வேண்டும். இல்லையேல் பந்தை எதிர்க்கட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஐந்து யார் முன்னேறினார்களா என்பதை எப்படி அறிவது? நிலத்திற் கோடு இட்டுத்தான் அறிய வேண்டும். இவ்வாறு வந்தவையே அக்கோடுகள். மீனும் இறைச்சியும் வாட்டும் இரும்புக் கம்பித் தட்டைப் போல மைதானம் தோன்றியதால், அத்தட்டின் பெயரையே மைதானத்துக்கும் இட்டனர். பிற்காலத்தில் விதி நான்கு முயற்சி, பத்து யார் என மாறிற்று. இன்றும் பக்கக் கோட்டருகே இருவர் பத்து யார் நீளமான சங்கிலியோடு நிற்கின்றனர். நில அளவையாளரின் சங்கிலி 22 யார். துடுப்பாட்டத்தில் இரு விக்கெட்டுகளுக்கும் இடைப்பட்ட தூரமும் அதே ஒரு சங்கிலிதான். காணி அளந்த கருவி விளையாட்டையும் அளந்தது என்பதிலே ஓர் அழகு இருக்கிறது.

அரங்கத்தின் கதை இன்னும் சுவையானது. 1903ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் குதிரை லாட வடிவில் ஒரு கொங்கிறீற் அரங்கைக் கட்டிற்று. அக்காலத்தில் அந்த ஆட்டம் மிகக் கொடியதாய் இருந்தது. வீரர்கள் கூட்டமாக மோதி, இளைஞர் பலர் உயிரிழந்தனர். 1905இல் சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் முன்னணிக் கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்தினார். மைதானத்தை அகலமாக்கினால் வீரர் விலகி ஓட இடம் கிடைக்கும், நெரிசல் குறையும் என்று சிலர் கருதினர். ஆனால் ஹார்வர்டின் கொங்கிறீற் படிகள் விலக மறுத்தன! மைதானத்தை அகலமாக்க இயலாத நிலையில், 1906இல் வேறொரு வழி அனுமதிக்கப்பட்டது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்பதே அது. இன்று அந்த ஆட்டத்தைப் பார்ப்போர் மெய்மறக்கும் அந்த நெடுவீச்சு, ஒரு கட்டடம் அசையாத காரணத்தாலும் பிறந்தது. ஆட்டத்துக்காகக் கட்டிய அரங்கு ஆட்டத்தையே மாற்றிவிட்டது.

“அங்க எத்தினை பேர் இருந்து பாக்கலாம் சேர்?” என்று பின்வாங்கில் இருந்து ஒரு குரல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஒரு இலட்சத்து ஏழாயிரம் பேருக்கு இருக்கை உண்டு. 2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் எமது கிளிநொச்சி மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 113,000. ஆகவே கைக்குழந்தை முதல் கிழவர்வரை ஏறக்குறைய மாவட்டம் முழுவதையும் அந்த ஓர் அரங்கில் இருத்திவிடலாம் என்றேன். வகுப்பு ஆரவாரித்தது. நான் ஆரவாரிக்கவில்லை. எமது மாவட்டத்தார் அத்தனை பேரும் ஓரிடத்தில் நெருங்கி இருந்த காலம் ஒன்று உண்டு. அது விளையாட்டுப் பார்ப்பதற்காக அன்று. 2009இல், முதலிற் கடற்கரை ஓரத்திலும் பின்னர் செட்டிகுளத்து முகாம்களிலும். என் முன்னே இருந்த பிள்ளைகளுக்கு அது பெற்றோர் சொல்லும் கதை. எனக்கு அது நினைவு.

பேச்சை எமது மைதானத்தின் பக்கம் திருப்பினேன். எமது அரங்கத்தை நீங்களும் அறிவீர்கள், வாசகர்களே! வேப்பமர நிழலே பார்வையாளர் மண்டபம். சாத்திவைத்த சைக்கிள்களே இருக்கைகள். மரக்கிளையில் கட்டிய ஒலிபெருக்கியின் கீழே, ஒரு மேசையும் கதிரையும் இட்ட இடம் அறிவிப்பாளருக்கு உரியது. மண்பானையும் ஒரு செம்பும் வீரர்களின் விடுதி. ஆயினும் கோடுகளில் நாம் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். பக்கக் கோடு, கோல் கோடு, நடுக்கோடு, பத்து யார் ஆரையுடைய நடுவட்டம், ஆறு யார் எல்லை, பதினெட்டு யார் தண்ட எல்லை, பன்னிரண்டு யாரில் தண்ட உதைப் புள்ளி, மூலைகளில் ஒரு யார் வில்லும் ஒரு கொடியும். கோல் கம்பங்களின் இடைவெளி எட்டு யார். உயரம் எட்டு அடி.

இவையும் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1863இல் இங்கிலாந்தில் முதல் விதிகளை எழுதியபோது கோடே இல்லை. எல்லைகளைக் கொடி நாட்டிக் காட்டினர். கோலுக்குக் குறுக்குச் சட்டமும் இல்லை; பந்து எந்த உயரத்திற் போனாலும் கோல்தான். உயரத்தைப் பற்றிச் சண்டை வந்தது, சட்டம் வந்தது. பந்து உள்ளே போயிற்றா வெளியே போயிற்றா என்று சண்டை வந்தது. லிவர்பூலைச் சேர்ந்த பொறியியலாளர் ஜோன் அலெக்ஸாண்டர் புரொடி வலையைக் கண்டுபிடித்தார். கோலடியில் வேண்டுமென்றே காலை இடறினர். 1891இல் தண்ட உதை வந்தது. இன்றைய நீள்சதுரத் தண்ட எல்லை 1902இலும் அதன் முகப்பில் உள்ள வில் 1937இலும் வந்தன. ஒவ்வொரு கோடும் என்றோ நடந்த ஒரு சச்சரவின் தீர்ப்பு. இதை நான் சொன்னபொழுது எனக்கே ஒரு வியப்பு உண்டாயிற்று. மைதானம் என்பது ஒரு வகையிற் பழைய வழக்குகளின் ஏடு.

அப்பொழுதுதான் அந்தப் பையன் மீண்டும் எழுந்தான்.

“சேர், கோட்டில பட்டால் உள்ளுக்கோ, வெளியிலயோ?”

எளிய கேள்வி. ஆனால் விடை இரண்டு. எமது உதைபந்தாட்டத்தில் கோடு அது சூழும் நிலத்துக்கே உரியது. பந்து கோட்டை முழுவதும் கடந்தால்தான் வெளியே. ஒரு நூலளவு கோட்டின் மேல் இருந்தாலும் உள்ளேதான். அமெரிக்கர் ஆட்டத்திற் பக்கக் கோடு வெளி நிலத்துக்கு உரியது. பந்தை ஏந்தி ஓடுபவனின் கால்விரல் அக்கோட்டைத் தொட்டாலே அவன் வெளியே. ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். “எங்கட கோடு மன்னிக்கும், அவங்கட கோடு மன்னிக்காது” என்றான் முன்வாங்கில் இருந்த ஒருவன். எல்லாரும் சிரித்தனர். மணி அடித்தது. அவர்கள் போய்விட்டனர். நான் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்தபடி நெடுநேரம் நின்றேன்.

மன்னிக்காத கோடு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

2010ஆம் ஆண்டு. முகாம்களிலிருந்து சனங்கள் திரும்பிவந்த காலம். அப்பொழுது நான் வேறொரு கிராமத்துப் பாடசாலையிற் படிப்பித்தேன். கூரை இல்லை, தகரக் கொட்டிலில் வகுப்பு. பாடசாலைக்குப் பின்னே ஒரு மைதானம் இருந்தது. அதன் முக்காற் பங்கை மிதிவெடி அகற்றுவோர் சோதித்து விடுவித்திருந்தனர். எஞ்சிய காற்பங்கு, கிழக்கு மூலை, இன்னும் முடியவில்லை. எல்லையிலே சிவப்பு வர்ணம் பூசிய சிறு தடிகளை வரிசையாக நாட்டி, மண்டையோடு வரைந்த பலகையில் மூன்று மொழிகளிலும் எழுதித் தொங்கவிட்டிருந்தனர்.

விளையாட்டில்லாமற் பிள்ளைகள் இருப்பார்களா? எமது ஆட்டத்தின் விதி இடங்கொடுப்பது. நீளம் 100 யாரும் இருக்கலாம், 130 யாரும் இருக்கலாம். அமெரிக்க மைதானத்தைப் போல எங்கும் ஒரே அளவு வேண்டும் என்பதில்லை. எங்கள் மைதானம் அந்தக் குறைந்த அளவையும் எட்டவில்லை. எனினும் விடுவித்த நிலத்துக்குள் நானே சுண்ணாம்பால் ஒரு கோடு இட்டேன். சிவப்புத் தடிக்கும் என் வெண்கோட்டுக்கும் இடையே இருபது அடி விட்டேன். சிவப்புத் தடிக்கு அப்பாற் போன பந்து போனதுதான். எவரும் எடுக்கப் போகக்கூடாது என்பது கட்டளை. அந்த ஆண்டில் இரண்டு பந்துகளை அவ்வாறு இழந்தோம். புல்லுக்குள்ளே அவை வெயிலில் வெளிறிக் கிடப்பதை நாள்தோறும் பார்த்துக்கொண்டே ஆடினர் பிள்ளைகள்.

மூன்றாவது பந்து புதியது. வெளிநாட்டிலிருந்து யாரோ ஒருவரின் மாமா அனுப்பியது. ஒருநாள் அது உயர எழுந்து, வெண்கோட்டைத் தாண்டி, சிவப்புத் தடியைத் தாண்டி, பத்தடி உள்ளே போய் நின்றது. எல்லாரும் அசையாமல் நின்றனர். ஒருவன் மாத்திரம் நிற்கவில்லை. பதின்மூன்று வயதுப் பையன். நான் கத்தினேன். அவன் காதில் விழவில்லையோ, விழுந்தும் நிற்க மனமில்லையோ, அறியேன். தடியைத் தாண்டி ஓடினான். பந்தை எடுத்தான். சிரித்துக்கொண்டே ஓடிவந்தான். ஒன்றும் நடக்கவில்லை.

அவன் என் முன்னே வந்து நின்றதும் நான் அவனைக் கன்னத்தில் அறைந்தேன். என் ஆசிரிய வாழ்விலே ஒரு மாணாக்கனை நான் அடித்தது அந்த ஒரே முறைதான். பந்து அவன் கையிலிருந்து விழுந்து உருண்டது. அதை எடுக்க எவரும் குனியவில்லை. அன்று ஆட்டம் அத்தோடு முடிந்தது.

அவனை அடித்தது சரியா என்று நான் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். போரில் எத்தனையோ இழந்து, தப்பிப் பிழைத்துவந்த பிள்ளை அவன். அவனுக்கு அடி புதிதல்ல. ஆசிரியனிடமிருந்து அடி புதிது. அச்சத்தை அன்பென்று சொல்லி அடிப்பது மிக எளிது. அடிபடுபவனுக்கு அது அடியாக மாத்திரமே தெரியும். சில ஆண்டுகளில் நான் மாற்றம் பெற்று வந்துவிட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நிலத்துக்கு மேலே கோடு இடுவோர் நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்கும் நிலைமை வராதிருப்பதே பாக்கியம். எம் நாட்டில் அந்தப் பாக்கியம் எல்லா மைதானங்களுக்கும் கிட்டவில்லை. யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கை எண்ணுகிறேன். 1975இல் சுட்டுக்கொல்லப்பட்ட மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கியது அது. 1999இல் அவ்வரங்கைத் திருத்துவதற்காக நிலத்தைத் தோண்டியபொழுது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பின்னர் இந்திய அரசின் உதவியோடு புதுப்பிக்கப்பட்டு, 2016ஆம் ஆண்டு யூன் மாதம் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அங்கே பிள்ளைகள் ஓடுகின்றனர். அவர்கள் ஓடத்தான் வேண்டும். ஆனால் ஓர் அரங்கத்தின் பாகங்களை எண்ணுவோர் படிகளையும் கம்பங்களையும் மாத்திரம் எண்ணினாற் போதாது. அடியில் உள்ள மண்ணையும் அதன் பாகமாக எண்ண வேண்டும்.

இலங்கை 2017ஆம் ஆண்டு டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதற்கு முன்னும் பின்னும் எமது மண்ணில் உலோகம் உணரும் கருவியோடும் சிறு முள்வாரியோடும் முழந்தாளிட்டு, அடி அடியாக நிலத்தை மீட்டவர்களிற் பெரும்பாலானோர் இவ்வூர்களின் ஆண்களும் பெண்களுமே. கணவனை இழந்த பெண்கள் பலர் அதில் இருந்தனர். நிலத்தை நேரான கீற்றுகளாகப் பிரித்து, கயிறு கட்டி, தடி நாட்டி, ஒரு கீற்று முடிந்தபின் அடுத்த கீற்றுக்குப் போவார்கள். மேலிருந்து படம் எடுத்தால், அதுவும் அந்த அமெரிக்க மைதானத்தைப் போலத்தான் தோன்றும். அங்கேயும் முன்னேற்றம் நிலத்தை அளந்தே கணக்கிடப்படுகிறது. ஒரே ஒரு வேறுபாடு: அங்கே தோற்றால் பந்து எதிர்க்கட்சிக்குப் போகும்.

இவ்வாண்டு எமது பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மைதானம் அளக்க ஆள் தேடியபொழுது, ஓர் இளைஞன் தானாக வந்தான். தோளிலே கயிறு, கையிலே ஒரு வாளி சுண்ணாம்பு. முகத்தைப் பார்த்ததும் அறிந்துகொண்டேன். அந்தப் பையன்தான். சில ஆண்டுகள் மிதிவெடி அகற்றும் வேலை செய்ததாகச் சொன்னான். கயிற்றிலே மூன்று, நான்கு, ஐந்து என்ற விகிதத்தில் முடிச்சுப் போட்டு, மூலையைச் செங்கோணமாக்கினான். வகுப்பிலே நான் பைதகரசின் தேற்றம் என்று படிப்பித்ததை அவன் முழங்காலில் இருந்து செய்தான்.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போது நான் சொல்லிவிட்டேன். “தம்பி, அண்டைக்கு நான் உனக்கு அடிச்சது பிழை. மன்னிச்சுக்கொள்.”

அவன் சுண்ணாம்பு படிந்த கையைப் பார்த்துக்கொண்டு சற்றுப் பேசாதிருந்தான்.

“அடி நோகேல்லை சேர். அடிச்சுப்போட்டு நீங்கள் அழுதனீங்கள். அதைத்தான் நான் வீட்டில போய் அம்மாட்டைச் சொன்னனான்.”

நான் அழுதது எனக்கு நினைவில்லை.

அவன் இட்ட கோட்டின் மேலே பிள்ளைகள் விளையாடத் தொடங்கினர். நான் ஓரத்தில் நின்றேன். யாரோ ஒருவன் உதைத்த பந்து பக்கக் கோட்டைக் கடந்து, வேலியோரப் பற்றைக்குள் உருண்டு போயிற்று. இரண்டு பேர் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு அதை எடுக்க ஓடினர். எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. எவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஒருவன் முள்ளுக் குத்திய காலைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி பந்தோடு திரும்பினான்.

அதுவரை ஒரு மைதானத்தின் பாகங்களெல்லாம் கோட்டுக்கு உள்ளே இருக்கின்றன என்றே எண்ணியிருந்தேன். பந்து வெளியே போனால் ஓடி எடுத்துவரக்கூடிய நிலமும் மைதானத்தின் பாகமே. நாளை வகுப்பிலே, கரும்பலகைப் படத்தில் விடுபட்ட அந்தப் பாகத்தையும் வரைந்து காட்ட வேண்டும்.